எச்சரிக்கை: எரியாத செங்கல் அடுப்புக்கும் தனிக் கட்டணம்

எங்கள் பகுதியில் செங்கல் அடுப்புப் பீட்சாவுக்குப் பெயர் பெற்ற உணவகம் ஒன்றில், ‘விறகு அடுப்பில் சுட்டது’ என்று உணவுப் பட்டியலில் அச்சிட்டு, அதற்கெனத் தனிக் கட்டணமும் வசூலித்துவிட்டு, சமையலறைக்குள் இருக்கும் வேறோர் அடுப்பில் சுட்ட பீட்சாவைப் பரிமாறுகிறார்கள். இதே உத்தியை மற்றவர்களும் கையாளக்கூடும் என்பதால், கடையின் பெயரைத் தவிர்த்து, நான் கண்டதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

கூடத்தின் நடுவே, எல்லா மேசைகளிலிருந்தும் தெரியும்படி, குவிமாட வடிவில் பெரிய செங்கல் அடுப்பு ஒன்றைக் கட்டி, அதன் கீழே ஒரே அளவில் அறுத்த விறகுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். உண்மையில் இயங்கும் விறகு அடுப்பைப் பல மணி நேரம் முன்பே மூட்டிவிட வேண்டும். செங்கல் மெதுவாகத்தான் வெப்பத்தை உள்வாங்கும், தளமும் கூரையும் நன்றாகச் சூடேறிய பிறகே மாவை உள்ளே தள்ள முடியும். அப்படிப்பட்ட அடுப்பின் வாயின் மேல்விளிம்பில் புகைக்கரி படிந்திருக்கும், சில அடிகள் தள்ளி நின்றாலே முகத்தில் அனல் அடிக்கும். இந்த அடுப்பின் வாயிலோ கரியின் சுவடே இல்லை. உள்ளே மினுக்கிக்கொண்டிருந்தது ஒரு மஞ்சள் விளக்கு. பரிமாறும் இளைஞர் ஒருவர் காகிதக் கைத்துடைப்பான் கட்டுகளை அந்த வாயின் விளிம்பிலேயே அடுக்கிவிட்டுப் போனார். தீ எரியும் இடத்தில் யாரும் காகிதத்தை அடுக்க மாட்டார்கள்.

உணவு வர முக்கால் மணி நேரத்துக்கு மேலாயிற்று. காரணம் கேட்டதற்கு, “விறகு அடுப்புங்க சார், கொஞ்சம் நேரம் எடுக்கத்தான் செய்யும்” என்றார் பரிமாறுபவர். இந்தப் பதில்தான் என் ஐயத்தை உறுதிப்படுத்தியது. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் 1984இல் தொடங்கப்பட்ட பீட்சா சங்கத்தின் விதிகளின்படி, சுமார் 400 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ உள்ள வெப்பத்தில் 60 முதல் 90 நொடிகளுக்குள் பீட்சா வெந்துவிட வேண்டும். கூட்டம் அதிகம் என்றோ, மாவை விரிக்க ஆளில்லை என்றோ சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். விறகைக் காரணம் காட்டியது, அந்த அடுப்பில் அங்கே எதுவும் சுடப்படுவதில்லை என்பதையே காட்டிக்கொடுத்தது.

வந்த பீட்சாவின் ஒரு துண்டைத் திருப்பிப் பார்த்தபோது அடிப்பகுதி முழுவதும் கம்பி வலையின் தடம் சீரான கட்டங்களாகப் பதிந்திருந்தது. செங்கல் அடுப்பில் மாவு நேரடியாகத் தளத்தின் மேல் கிடந்து வேகும். அடியில் ஒட்டிய உலர்மாவும், ஒழுங்கற்ற கருகல் புள்ளிகளும்தான் அதன் அடையாளம். வலைத் தட்டு என்பது பெரும்பாலும் மின்சாரத்திலோ எரிவாயுவிலோ இயங்கும், பீட்சா ஒரு பட்டையின் மேல் நகர்ந்தபடியே வேகும் அடுப்புகளில் வைப்பது. விளிம்பும் அதையேதான் சொன்னது. கடும் வெப்பம் பட்டால் மாவிலுள்ள நீர் சட்டென்று ஆவியாகி விளிம்பு உப்பும், அங்கங்கே கொப்புளம் கிளம்பிக் கருகும். குறைந்த வெப்பத்தில் நெடுநேரம் வைத்தால் வேகும்போதே ஈரம் வற்றி, பிஸ்கட்டைப் போல ஒரே பழுப்பில் விறைத்துவிடும். எங்களுக்குக் கிடைத்தது இரண்டாவது வகை, அதிலும் நடுப்பகுதி வேகாமல் ஈரமாக இருந்தது. சீஸைப் பற்றியும் எனக்கு ஐயம் உண்டு. நிரூபிக்க வழியில்லாததால் அதை விட்டுவிடுகிறேன்.

மின் அடுப்பில் சுடுவது குற்றமில்லை. நான் மேலே சொன்ன சங்கமே தேவையான வெப்பத்தை எட்டும் சில மின் அடுப்புகளுக்கும் எரிவாயு அடுப்புகளுக்கும் ஒப்புதல் அளித்திருக்கிறது. இல்லாத விறகுக்குக் காசு வாங்குவதுதான் மோசடி.

மேற்பார்வையாளரை அழைத்துத் தடத்தைக் காட்டினேன். அடுப்பை இன்று சுத்தம் செய்வதால் மூட்டவில்லை என்றார். அப்படியானால் பில்லில் விறகு அடுப்புக் கட்டணம் ஏன் தனியாக வந்திருக்கிறது என்று கேட்டதும், மாலையில்தான் மூட்டுவது வழக்கம் என்று பேச்சை மாற்றினார். நாங்கள் பேசிக்கொண்டிருந்ததே இரவு உணவு நேரத்தில்! அந்தக் கட்டணத்தை நீக்கச் சொன்னபோது மறுத்துவிட்டு, அடுத்த முறை வரும்போது பயன்படுத்திக்கொள்ளுமாறு ஒரு தள்ளுபடிச் சீட்டை நீட்டினார். அதிலும் குறிப்பிட்ட தொகைக்கு மேல் சாப்பிட்டால்தான் செல்லும் என்ற நிபந்தனை இருந்தது.

இத்தகைய கடைக்கு இவ்வளவு நல்ல பெயர் எப்படி வந்தது என்பதும் மேசையிலேயே தெரிந்தது. ஐந்து நட்சத்திரம் கொடுத்துக் கைபேசித் திரையைக் காட்டினால் குளிர்பானம் இலவசம் என்ற அட்டை ஒவ்வொரு மேசையிலும் நிற்கிறது. உணவு வருவதற்கு முன்பே பரிமாறுபவர் அதை நினைவூட்டவும் செய்கிறார். வீட்டுக்கு வந்து பார்த்தால், பாராட்டுகளில் பெரும்பாலானவை அடுப்பின் அழகையும் கூடத்தின் விளக்குகளையும் பற்றியவை. ஒற்றை நட்சத்திரம் கொடுத்தவர்கள் போட்ட படங்கள் சிலவற்றில் அதே வலைத் தடம் தெளிவாகத் தெரிகிறது. ஆகவே மதிப்பெண்ணின் சராசரியைப் பார்ப்பதைவிட, குறைந்த மதிப்பெண் தந்தவர்களின் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். கடைக்குப் போனால், ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே அடுப்புக்கு அருகில் சென்று, தீ எரிகிறதா, மாவு அதற்குள் போகிறதா என்று நேரில் பார்த்துவிடுங்கள். வேறு அடுப்பில்தான் சுடுகிறோம் என்று அவர்களே ஒப்புக்கொண்டால், தனிக் கட்டணத்தை அப்போதே நீக்கச் சொல்லலாம்.

பில்லையும் படங்களையும் இணைத்து நுகர்வோர் புகார் அளித்திருக்கிறேன். அதன் பிறகு கடை நிர்வாகத்திலிருந்து அழைத்து, நான் எழுதிய விமர்சனத்தை நீக்கினால் முழுத் தொகையையும் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். உணவுப் பட்டியலிலிருந்து ‘விறகு அடுப்பில் சுட்டது’ என்பதை நீக்குவீர்களா என்று கேட்டேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.