நெட் ஸ்லோவா? பழைய டெலிபோன் லைனா, ஃபைபரா, ஏர்ஃபைபரா: தோட்டத்து வீடுகளுக்கு ஓர் ஒப்பீடு

கொங்குப் பக்கம் நிறையக் குடும்பங்கள் ஊருக்குள் இல்லை, தோட்டத்தில்தான் இருக்கின்றன. காங்கேயமோ தாராபுரமோ கோபியோ, தார் ரோட்டை விட்டு இறங்கி வண்டித்தடத்தில் போய்க் கிணற்று மேட்டைத் தாண்டினால்தான் வீடு வரும். 2005-இல் பிஎஸ்என்எல் டெலிபோன் கம்பியிலேயே பிராட்பேண்ட் கொடுக்க ஆரம்பித்தது. வேறு யாரும் எட்டிப் பார்க்காத இப்படிப்பட்ட வீடுகளுக்கும் அதனால்தான் இன்டர்நெட் போய்ச் சேர்ந்தது. இன்றைக்கும் சில வீடுகளில் அதே செம்புக் கம்பிதான் ஓடுகிறது. அங்கிருந்து வரும் கேள்வியும் எப்போதும் ஒன்றுதான்: "நெட்டு சுத்திக்கிட்டே இருக்குதுங்க, வேற கம்பெனிக்கு மாத்தீர்லாமுங்களா?"

மாற்றலாம். ஆனால் வேகம் எந்த இடத்தில் குறைகிறது என்று பார்க்காமல் மாற்றினால், புது இணைப்பிலும் அதே சுற்றல்தான். இருக்கிற லைனைச் சரிசெய்வது, கண்ணாடி இழையான ஃபைபர் போடுவது, 5ஜி சிக்னலைப் பிடிக்கும் ஏர்ஃபைபர் பெட்டியை மொட்டை மாடியில் வைப்பது என்ற மூன்று வழிகளும் மூன்று வேறு கோளாறுகளுக்கு மருந்து. எந்தக் கோளாறு என்று தெரிந்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

முதலில் ஒரு லேன் கேபிள் தேடுங்கள். லேப்டாப்பை மோடத்தில் நேராகச் செருகி, வைஃபையை அணைத்துவிட்டு ஸ்பீட் டெஸ்ட் ஓட்டுங்கள். கேபிளில் நல்ல வேகம் வந்து, வைஃபையில் மட்டும் வரவில்லை என்றால் கோளாறு உங்கள் வீட்டுக்குள்தான். பழைய தொட்டிக்கட்டு வீடுகளின் தடித்த சுவரை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தாண்டுவதே இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் தாண்டும், ஆனால் வேகம் குறைவு. இதற்கு ஃபைபர் போட்டும் பலனில்லை. மோடத்தை வீட்டின் நடுவுக்குக் கொண்டுவருவதோ, லேன் கேபிள் இழுத்து இன்னொரு ரௌட்டர் வைப்பதோதான் தீர்வு. லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும்.

அப்புறம் விடிகாலையில் ஒரு தடவை, ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு தடவை கேபிளிலேயே சோதியுங்கள். காலையில் நன்றாக இருந்து ராத்திரி மட்டும் படுத்தால், உங்கள் கம்பியில் குறை இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் நெரிசல் அது. கம்பெனியை மாற்றுவது பற்றி யோசிக்கலாம். எல்லா நேரமும் ஒரே மாதிரி மெதுவாக இருந்தால்தான் லைனைச் சந்தேகப்பட வேண்டும்.

பழைய லைன்: எதைச் சரிசெய்ய முடியும், எதை முடியாது

பிரௌசரில் 192.168.1.1 என்று அடித்தால் பெரும்பாலான மோடங்களின் உள்பக்கம் திறக்கும். டிஎஸ்எல் (டெலிபோன் கம்பி வழி இன்டர்நெட்) ஸ்டேட்டஸ் என்ற இடத்தில் மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: லைன் ரேட், அட்டனுவேஷன், எஸ்என்ஆர் மார்ஜின்.

லைன் ரேட் என்பது டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கும் மோடத்துக்கும் இடையே பேசி முடிவான வேகம். நீங்கள் என்ன பிளான் போட்டிருந்தாலும் இதைத் தாண்டி ஒரு துளியும் வராது. அட்டனுவேஷன் என்பது வழியில் கம்பி தின்றுவிடும் சிக்னல். ஏடிஎஸ்எல் என்ற வகை டிஎஸ்எல் லைனில் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 14 டெசிபல் போகும். 28 காட்டினால் கம்பி நீளம் சுமார் 2 கிலோமீட்டர், 42 என்றால் 3. அதன் மேம்பட்ட வடிவமான ஏடிஎஸ்எல் 2 பிளஸ் காகிதத்தில் 24 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்) தரும்; அது எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு. 3 கிலோமீட்டரில் சுமார் 8, 4 கிலோமீட்டரில் அதிலும் பாதி என்று இறங்கிவிடும். 60 டெசிபலைத் தாண்டினால் இணைப்பு அறுபடாமல் நிற்பதே பெரிது. ரோட்டு வழியே பைக்கில் அளந்த தூரத்தை நம்பாதீர்கள்; கம்பி எந்தத் தெருவைச் சுற்றி வருகிறது என்பது லைன்மேனுக்குத்தான் தெரியும்.

எஸ்என்ஆர் மார்ஜின், இரைச்சலுக்கு மேலே சிக்னல் எவ்வளவு மிச்சம் வைத்திருக்கிறது என்பதைச் சொல்கிறது. 6 டெசிபலுக்குக் கீழே போனால் அடிக்கடி அறுந்து அறுந்து சேரும். 10-க்கு மேல் இருந்தால் நிம்மதி.

மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அட்டனுவேஷன் அதிகம் என்றால் தூரம்தான் காரணம். எந்த லைன்மேன் வந்தாலும் தூரத்தைக் குறைக்க முடியாது. அட்டனுவேஷன் சுமாராக இருந்தும் வேகமும் மார்ஜினும் மட்டும் மோசம் என்றால், வழியில் எங்கோ இரைச்சல் ஏறுகிறது. அதைச் சரிசெய்ய முடியும், அதுவும் பல நேரம் காசில்லாமல்.

கவுந்தப்பாடிப் பக்கம் மாமா தோட்டத்தில் இப்படித்தான் ஆனது. அட்டனுவேஷன் 38. அந்தத் தூரத்துக்கு 8 எம்பிபிஎஸ் அளவுக்கு வர வேண்டிய இடத்தில் 1.5 கூட நிற்கவில்லை. லேண்ட்லைனை எடுத்து ஒரு எண்ணை அழுத்தி டயல் டோனை நிறுத்திவிட்டுக் கேட்டால், அமைதியாக இருக்க வேண்டிய இடத்தில் கரகரவென்று சத்தம். திண்ணைக்கு மேலே ஓட்டுத் தாழ்வாரத்தில், டெலிபோன் கம்பி வந்து சேரும் ரோசெட் பெட்டியைத் திறந்தோம். உள்ளே எறும்புப் புற்று. திருகாணியில் மாட்டியிருந்த இரண்டு கம்பி முனையிலும் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. கறுத்த நுனியை வெட்டிவிட்டு, பளபளவென்று செம்பு தெரியும்படி புதிதாகச் சீவி மாட்டியதும் சத்தம் பாதி போனது. மீதிப் பாதிக்குக் காரணம் அடுக்களையில் இருந்த இரண்டாவது போன். போனையும் நெட்டையும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் வழியாகப் போகாமல் ரோசெட்டிலிருந்தே நேராக இழுத்திருந்தார்கள். அதைக் கழற்றிவிட்டு மோடத்தை அணைத்துப் போட்டதும் லைன் ரேட் 7-க்கு வந்தது.

அணைத்துப் போடுவதை மறக்க வேண்டாம். மோடம் சேரும்போது பேசி முடித்த வேகத்திலேயே நிற்கும். இரைச்சல் போன பிறகு தானாக ஏறிக்கொள்ளாது. கம்பியைச் சரிசெய்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யாமல் டெஸ்ட் எடுத்து, ஒன்றும் மாறவில்லை என்று சோர்ந்துபோனவர்கள் உண்டு.

அங்கே இன்னொன்றும் இருந்தது. போர் மோட்டார் போட்டால் நெட் அறுந்தது. வீட்டுக்கு வரும் டெலிபோன் டிராப் ஒயரை மோட்டார் ரூமுக்குப் போகும் கரண்ட் ஒயரோடு சேர்த்து ஒரே கம்பத்தில் கட்டியிருந்தார்கள். பிரித்துத் தள்ளிக் கட்டியதும் நின்றது. பல்லடம், சோமனூர் பக்கம் தறிக்கூடத்தோடு ஒட்டிய வீடுகளில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். தறி நிற்கிற நேரத்தில் மார்ஜின் ஏறினால், குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

மழைக்குப் படுத்து வெயிலுக்குத் தேறுகிற லைனில், டேப் சுற்றிய ஜாயின்ட் எதிலோ தண்ணீர் இறங்கியிருக்கிறது. டயல் டோனே இல்லாமல் நெட் மட்டும் தவழ்ந்து வந்தால், இரண்டு கம்பியில் ஒன்று எங்கோ அறுந்திருக்கலாம். ஒற்றைக் கம்பியிலும் டிஎஸ்எல் மெலிதாகப் பிடித்துக்கொள்ளும். இவை உங்கள் கைக்கு எட்டாதவை. புகார் கொடுக்கும்போது "நெட் ஸ்லோ" என்று சொல்லாதீர்கள், "டயல் டோன் இல்லை, லைனில் இரைச்சல்" என்று சொல்லுங்கள். லைன்மேனுக்கு எங்கே கை வைப்பது என்று உடனே புரியும். வீடுகளுக்குக் கம்பி பிரியும் டிபி பாக்ஸில் காலியாக இருக்கிற வேறு ஜோடிக் கம்பிக்கு மாற்றித் தரவும் கேட்கலாம்.

எவ்வளவு சரிசெய்தாலும் இந்த லைனுக்கு ஒரு சுவர் உண்டு: அப்லோட். ஏடிஎஸ்எல் 2 பிளஸில் மேலே அனுப்பும் வேகம் சுமார் 1 எம்பிபிஎஸ்தான். திருப்பூர் பனியன் கம்பெனிக்கு 100 எம்பி (ஒரு எம்பி என்பது 8 மெகாபிட்) டிசைன் ஃபைல் அனுப்ப, வேறு யாரும் தொடாமல் இருந்தாலே 13 நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில் பிள்ளை ஆன்லைன் வகுப்பில் இருந்தால் இரண்டும் நிற்கும். 2023 ஜனவரியில் மத்திய அரசு பிராட்பேண்டின் குறைந்தபட்ச வேகத்தை 512 கேபிபிஎஸ்ஸிலிருந்து 2 எம்பிபிஎஸ் ஆக்கியது. அந்தக் கணக்குக்கு மாமா வீட்டு லைன் தேறும், ஆனால் வீட்டிலிருந்து வேலை செய்பவருக்குத் தேறாது. பிஎஸ்என்எல்லே செம்பு இணைப்புகளை ஃபைபருக்கு மாற்றிக்கொண்டிருக்கிறது என்பதையும் கணக்கில் வையுங்கள். இந்த லைனுக்காகப் புது மோடம் வாங்கச் சொல்லமாட்டேன். கம்பியைச் சீவ, போனைக் கழற்றச் சொல்வேன்.

ஃபைபர்: வேகத்தைக் கேட்காதீர்கள், ஆளைக் கேளுங்கள்

தூரம்தான் உங்கள் எதிரி என்றால் ஃபைபருக்கு ஈடு இல்லை. இங்கே பரவலாக இருக்கும் ஜிபான் முறையில் ஒரு கண்ணாடி இழை 20 கிலோமீட்டர் வரை போகும். அதில் வரும் சுமார் 2.5 ஜிபிபிஎஸ்ஸை 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்ளும். மோட்டார் இரைச்சல் ஏறாது. கோடை மழையில் இடி விழுந்தால் டெலிபோன் கம்பி வழியே வந்து மோடத்தைக் கருக்குவது போன்ற தொல்லையும் பெரும்பாலும் போய்விடும். 100 எம்பி ஃபைல் 30 எம்பிபிஎஸ் அப்லோடில் அரை நிமிடத்தில் போய்விடும்.

ஆனால் செம்புக் கம்பி நோயோடும் வேலை செய்யும். ஃபைபரோ வேலை செய்தால் முழுசாகச் செய்யும், இல்லையென்றால் சுத்தமாக நின்றுவிடும். பொள்ளாச்சிப் பக்கம் தென்னை மட்டை விழுந்து அறுவதும், அணில் கடித்து வைப்பதும், வைக்கோல் பாரம் ஏற்றிய லாரி இழுத்துக்கொண்டு போவதும் வாடிக்கை. அறுந்த செம்பை யாரும் முறுக்கிச் சேர்த்துவிடலாம். அறுந்த ஃபைபருக்கு, இழையை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷினோடு தெரிந்த ஆள் வர வேண்டும். அதனால் 100 எம்பிபிஎஸ்ஸா 200-ஆ என்பதை விட, அறுந்தால் யார் வருவார், எப்போது வருவார் என்பதுதான் தோட்டத்து வீட்டுக்கு முக்கியம். பிஎஸ்என்எல் ஃபைபரையும் பல ஊர்களில் உள்ளூர் பார்ட்னர்கள்தான் இழுத்துப் பராமரிக்கிறார்கள். ஆகவே விளம்பரத்தைப் பார்க்காமல் பக்கத்துத் தோட்டத்தில் கேளுங்கள்: "போன தடவை அந்து போனப்ப எத்தன நாள்ல வந்தாங்க?" அந்தப் பதில்தான் எனக்கு எந்த பிளானை விடவும் பெரிது.

ஃபைபர் போட்டும் மெதுவாக இருந்தால் பார்க்க வேண்டியது குறைவு. பெட்டியில் லாஸ் (LOS) விளக்கு சிவப்பாக எரிந்தால் இழை அறுந்திருக்கிறது அல்லது எங்கோ மடிந்திருக்கிறது. பீரோவுக்குப் பின்னால் நசுங்கிக் கிடக்கிறதா பாருங்கள். ஸ்டேட்டஸ் பக்கத்தில் வந்து சேரும் ஒளியின் அளவு மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் சுகம். மைனஸ் 27-க்குப் போய்விட்டால் விளிம்பில் நிற்கிறது. இந்த எண் நன்றாக இருந்தும் ராத்திரி மட்டும் மெதுவென்றால், ஆபரேட்டர் மேலே வாங்கியிருக்கும் இணைப்பு போதவில்லை. அதை உங்கள் வீட்டில் எதுவும் செய்து மாற்ற முடியாது.

ஏர்ஃபைபர்

இதை 2023-இல் ஏர்டெல்லும் ஜியோவும் கொண்டுவந்தன. டவரிலிருந்து 5ஜி சிக்னலை மாடியில் வைத்த பெட்டி பிடித்து வீட்டுக்குள் தருகிறது. கம்பம் வேண்டாம், பள்ளம் வேண்டாம், பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் கம்பி கொண்டுபோக அனுமதி கேட்கவும் வேண்டாம். பங்காளித் தகராறு இருக்கும் தடத்தில் இது சின்ன விஷயம் இல்லை. வாங்குவதற்கு முன் அதே கம்பெனியின் 5ஜி சிம் போட்ட போனோடு ராத்திரி ஒன்பது மணிக்கு மாடி ஏறி டெஸ்ட் எடுங்கள். பகல் வேகத்தைக் காட்டி யாராவது விற்றால் நம்ப வேண்டாம். பிளானில் மாத டேட்டாவுக்கு உச்சவரம்பு எவ்வளவு, தாண்டினால் வேகம் என்ன ஆகும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தாளவாடி, பர்கூர் மலைப்பக்கம் மேடும் காடும் டவரை மறைத்தால் இதை மறந்துவிடலாம்.

என் தீர்ப்பு இது. வீட்டில் பெரியவர்கள் மட்டும் இருந்து, போன் பேசவும் யூடியூப் பார்க்கவும்தான் நெட் என்றால், அட்டனுவேஷன் 40-க்குள் இருக்கும் பழைய லைனைச் சுத்தம் செய்து ஓட்டலாம். படிக்கிற பிள்ளையோ வீட்டிலிருந்து வேலை செய்பவரோ இருந்தால், ஒழுங்காக வந்து பார்க்கும் ஆபரேட்டர் இருக்கிற வரை ஃபைபர்தான். கம்பத்திலிருந்து வீடு வரை இழையின் மீட்டர் செலவு யாருடையது என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். அப்படி ஓர் ஆள் இல்லாத ஊரில், மாடியில் ராத்திரி டெஸ்ட் தேறினால் ஏர்ஃபைபர்.

கரண்ட் விஷயம் ஒன்று பாக்கி. செம்பு லைனில் போனுக்கான மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட்டாக வருவதால், பராமரிப்பு என்று கரண்ட்டை நிறுத்தும் நாளிலும் சாதாரண லேண்ட்லைன் பேசும். ஃபைபரிலும் ஏர்ஃபைபரிலும் வீட்டில் கரண்ட் போனால் நெட்டும் போகும், அதோடு இணைத்த லேண்ட்லைனும் போகும். செல்போன் சிக்னல் எட்டாத தோட்டத்தில் வயதானவர்கள் தனியாக இருந்தால், ஃபைபர் போடும் அன்றே ரௌட்டருக்கு ஒரு மினி யூபிஎஸ் வாங்கி மாட்டுங்கள். வாங்கும்போது ரௌட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பெரும்பாலும் 12 வோல்ட்தான் இருக்கும், ஆனால் ஆம்பியர் பெட்டிக்குப் பெட்டி மாறும்.