தூத்துக்குடியா, கொச்சியா? கொங்குச் சரக்குக்கு எந்தத் துறைமுகம்

கோவையிலோ திருப்பூரிலோ லோடு ஏற்றிய கண்டெய்னர் கடலுக்குப் போக இரண்டு வழி இருக்கிறது. தென்கிழக்கே தூத்துக்குடி, மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொச்சி வல்லார்பாடம். சென்னையும் உண்டு, ஆனால் 500 கிலோமீட்டர் லாரி வாடகை கொடுக்கத் தனிக் காரணம் வேண்டும். புதிதாக ஏற்றுமதிக்கு வருகிறவர்கள் நாலு ஃபார்வர்டரிடம் (சரக்கை அனுப்ப ஏற்பாடு செய்கிற ஏஜென்ட்) கடல் ஃப்ரெய்ட் (கப்பல் வாடகை) மட்டும் கேட்டு, எது குறைவோ அந்தத் துறைமுகத்துக்கு புக்கிங் போட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு நம்பரை வைத்து முடிவெடுக்கவே கூடாது.

முதலில் ரோடு. கோவையிலிருந்து வல்லார்பாடம் ஏறக்குறைய 190 கிலோமீட்டர், தூத்துக்குடி சுமார் 350. ஃபேக்டரியில் லோடு ஏற்றுவதென்றால் காலிப் பெட்டியைத் துறைமுகப் பக்கமிருந்து எடுத்து வந்து, நிரப்பி, திரும்பக் கொண்டுபோக வேண்டும் என்பதால் இந்தத் தூரம் வாடகையில் இரண்டு மடங்காக விழும். அதனால் கோவை பம்ப்செட், வார்ப்புச் சரக்கு, பொள்ளாச்சி தென்னை நார்க் கட்டி எல்லாவற்றுக்கும் லாரிக் கணக்கில் கொச்சிதான் லாபம். திருப்பூரில் வித்தியாசம் குறைகிறது. கரூருக்கு வந்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தூரம், திண்டுக்கல், மதுரை வழியாக நேராகத் தூத்துக்குடி இறங்கிவிடலாம் என்பதால் அங்கே கொச்சிக்கு இழுக்க வலுவான காரணம் இல்லை.

பாலக்காடு ரோடு என்றாலே பயந்த காலம் ஒன்று இருந்தது, குதிரான் மலையில் லாரிகள் மணிக்கணக்கில் நிற்கும். 2021இல் சுரங்கப்பாதை திறந்ததிலிருந்து அந்தப் பயத்துக்குப் பெரிதாக இடமில்லை. தூத்துக்குடிப் பக்கம் நல்ல ரோடு, ஆனாலும் 2023 டிசம்பர் வெள்ளத்தில் அந்த வழியும் துண்டிக்கப்பட்டது, ஆக மழைக்காலத்தில் எந்தப் பக்கம் போனாலும் கட்-ஆஃப் நேரத்துக்கு (துறைமுகத்தில் பெட்டியை வாங்கிக்கொள்ளும் கடைசி நேரம்) ஒரு நாள் முன்னாடியே வண்டியை அனுப்பிவிடுங்கள்.

சரி, உண்மையான வித்தியாசம் கடலில்தான் இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து ஐரோப்பா, அமெரிக்கா போகும் சரக்கில் பெரும்பகுதி ஃபீடர் எனும் சின்னக் கப்பலில் கொழும்பு போய், அங்கே இறங்கி, தூரதேசம் போகும் பெரிய தாய்க் கப்பலுக்காகக் காத்திருக்கும். கொழும்பில் நெரிசல் வந்தால் உங்கள் பெட்டி அந்தக் கப்பலைத் தவறவிட்டு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும். சீசன் பனியன் அனுப்புகிறவருக்கு அந்த ஒரு வாரம் என்றால் விலைக் குறைப்பு, இல்லையென்றால் சொந்தச் செலவில் விமானத்தில் அனுப்பும் தண்டம், ஃப்ரெய்ட்டில் மிச்சம் பிடித்ததைப் போல பல மடங்கு அதில் போய்விடும். கொச்சியில் சில லைன்களுக்கு (கப்பல் கம்பெனிகளுக்கு) நேரடிக் கப்பல் உண்டு, வளைகுடாவுக்குச் சில நாளில் போய்விடும், நாமக்கல் முட்டை மாதிரி ரீஃபர் (குளிர்பெட்டி) சரக்குக்கு அதன் அருமை தெரியும். ஆனால் கொச்சியில் ஏற்றினாலே நேரடி என்று நினைத்துவிடாதீர்கள், அங்கேயும் கொழும்பு வழியாகவோ இப்போது கேரளத்து விழிஞ்சம் துறைமுகம் வழியாகவோ மாற்றி ஏற்றும் லைன்கள் இருக்கின்றன. 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல் ஆரம்பித்த பிறகு கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றப் போனதில் ஐரோப்பாவுக்கு 10 நாளுக்கு மேல் கூடியது, இரண்டு துறைமுகத்துக்கும் அந்த அடி ஒன்றுதான்.

அப்புறம் பெட்டி. வார்ப்பு மாதிரி கனமான சரக்குக்கு 20 அடியே போதும், இடம் நிறையும் முன்னாடியே எடை முட்டிவிடும். துணிக்கு 40 அடி ஹைக்யூப் (உயரம் கூடிய பெட்டி). எந்தத் துறைமுகத்தில் உங்கள் லைனுக்கு நல்ல காலிப் பெட்டி கிடைக்கிறது என்பதும் தேர்வில் சேர வேண்டும். வண்டி வந்ததும் ஆள் உள்ளே நின்று இரண்டு கதவையும் சாத்திப் பார்க்கட்டும், எங்காவது ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அந்தப் பெட்டி வேண்டாம். மழைத் தண்ணீர் அந்த ஓட்டை வழியாகத்தான் மேல் வரிசை அட்டைப்பெட்டிக்குள் இறங்கும்.

முழுப் பெட்டி நிரம்பாதவர்களுக்கு எல்.சி.எல். இருக்கிறது, பல பேர் சரக்கை ஒரே பெட்டியில் சேர்த்து அனுப்புவது. கன மீட்டர், டன் இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம். 13, 15 கன மீட்டரைத் தொட்டால் 20 அடி முழுப் பெட்டிக்கும் ஒரு ரேட் வாங்கிப் பாருங்கள், பல சமயம் அதுவே மலிவாக வரும். எல்.சி.எல்.லில் கடல் ஃப்ரெய்ட் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டு, போய்ச் சேர்ந்த இடத்தில் உங்கள் பையரிடம் (சரக்கை வாங்குகிறவரிடம்) கறந்துவிடுவதும் நடக்கிறது. கூட ஏற்றிய இன்னொருவருடைய பேப்பரில் கோளாறு என்றால் உங்கள் சரக்கும் சேர்ந்து நிற்கும். எல்.சி.எல்.லுக்கு நான் தூரத்தைப் பார்க்க மாட்டேன், உங்கள் சரக்கு போய்ச் சேர வேண்டிய ஊருக்கு வாராவாரம் தவறாமல் பெட்டி கட்டி அனுப்புகிற கன்சாலிடேட்டர் (பல பேர் சரக்கைச் சேர்ப்பவர்) எங்கே இருக்கிறாரோ அங்கே கொடுங்கள்.

எஃப்.ஓ.பி. வியாபாரத்தில் (கப்பலில் ஏற்றும் வரை செலவு உங்களுடையது, அதற்கு மேல் பையருடையது) ஃபார்வர்டரைப் பையர்தான் சொல்வார், ஆனாலும் துறைமுகம் எது என்பதை ஆர்டர் பேசும்போதே நீங்கள் கேட்கலாம், உள்ளூர்ச் செலவு உங்கள் தலையில்தானே விழுகிறது. இன்சூரன்ஸை மட்டும் விட்டுவிடாதீர்கள். 2025 மே 25 அன்று விழிஞ்சத்திலிருந்து கொச்சிக்கு வந்த எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் 640 கண்டெய்னர்களோடு மூழ்கியது, நம் பக்கத்துக் கடலில்தான்.

இறக்குமதிக்கும் இதே கணக்குதான், கூடவே காலிப் பெட்டியைத் திருப்பி ஒப்படைக்கும் செலவு சேரும். பஞ்சு இறக்கும் மில் அதே பெட்டியில் நூலை ஏற்றி அனுப்ப லைன் ஒத்துக்கொண்டால் ஒரு வழி லாரி வாடகை அப்படியே மிச்சம். ரேட் கேட்கும்போதே இதையும், கோவை இருகூர் ஐ.சி.டி.யில் (உள்நாட்டுக் கண்டெய்னர் டிப்போ) காலிப் பெட்டி வாங்கிக்கொள்வார்களா, எத்தனை நாள் டிடென்ஷன் (பெட்டியைத் தாமதமாகத் திருப்பினால் விழும் கட்டணம்) இல்லாமல் வைத்திருக்கலாம், எந்தத் துறைமுகத்தில் கப்பல் மாறும் என்பதையும் மெயிலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.