கைக்குழந்தையின் சளிக்கு எது நல்லது: கைமருந்தா, சிரப்பா, உப்புநீர்த் துளியா, வைத்தியசாலையா?

ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தடிமன் பிடித்து இருமத் தொடங்கினால், மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் பெற்றோர் முன் நான்கு வழிகள் வைக்கப்படுகின்றன: அம்மம்மாவோ உம்மம்மாவோ சொல்லும் கைமருந்து, பாமசியில் வாங்கும் சிரப், மூக்கில் விடும் உப்புநீர்த் துளியோடு தாய்ப்பால், அல்லது உடனே வைத்தியசாலை. ஒவ்வொன்றுக்கும் பரிந்து பேச வீட்டிலேயே ஓர் ஆள் இருப்பார். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்றாவது வழியே போதும், சில குழந்தைகளை நான்காவது வழிதான் காப்பாற்றும், அந்தச் சிலரை நேரத்தோடு இனங்காணப் பெற்றோர் கற்றிருக்க வேண்டும்.

கற்பூரவள்ளி இலையை வாட்டிப் பிழிந்து, சாற்றைத் தேனில் குழைத்து நாக்கில் தடவுவது தலைமுறைகளாக நடந்துவருகிறது. அதிலுள்ள அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் தேனை ஏற்க முடியாது. தேனில் சில வேளை கலந்திருக்கும் பாக்டீரியா வித்துகள் சிறு குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கி, தசைகள் தளர்ந்துபோகும் பொட்டுலிசம் என்ற நோயைத் தரக்கூடும் என்பதால், 12 மாதம் நிறையும் வரை ஒரு துளித் தேனும் கூடாது. நெஞ்சிலும் மூக்கடியிலும் பூசும் தைலங்களும் அப்படியே. அவற்றில் உள்ள கற்பூரமும் மென்தோலும் 2 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு உரியவை அல்ல. தற்செயலாக விழுங்கப்பட்ட கற்பூரம் வலிப்பைக்கூட உண்டாக்கும். கொதிநீரில் ஆவி பிடிக்கக் காட்டுவதால் கிடைக்கும் நன்மையைவிட, பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும் ஆபத்தே பெரிது. குளிப்பாட்டிய பின் முடி காயச் சாம்பிராணி காட்டும் வழக்கத்தை விட மனம் வராத வீடுகள் பல உண்டு என்பதை அறிவேன். ஆயினும் ஏற்கெனவே வீங்கியிருக்கும் மூச்சுக்குழாயைப் புகை மேலும் எரிச்சலூட்டும். நுளம்புச் சுருளும் விறகடுப்பும் சிகரெட்டும் அதே தீங்கைச் செய்கின்றன. ஏணையை அடுப்படியிலிருந்து தள்ளிக் கட்டுவது, எந்தத் தைலத்தையும்விடப் பயனுள்ள கைமருந்து.

சிரப்பைப் பற்றி நீண்டு பேச வேண்டியதில்லை. இருமல், தடிமன் சிரப்புகளை 2 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2008ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தியது. பிரிட்டோன் (Piriton) போன்ற ஒவ்வாமை மருந்து குழந்தையைத் தூங்க வைக்கும். தூங்குவதைக் கண்டு சுகமாகிவிட்டது என்று நாம் நம்பிவிடுவோம், மூச்சுத் திணறல் கூடுவது கண்ணுக்குத் தப்பிவிடும். மூத்த பிள்ளைக்கு எழுதிக் கொடுத்த போத்தலில் மீதமிருக்கும் மருந்தை இளையதற்கு ஊற்றுவது இன்னும் மோசம். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும் கொடுக்கலாம்: குழந்தையின் ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை, 4 முதல் 6 மணித்தியால இடைவெளியில், நாளுக்கு 4 தடவைக்கு மேற்படாமல். 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 பாகை செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் இருந்தால், மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டிராமல் வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

உப்புநீர்த் துளி மலிவானது, பார்வைக்கு மருந்து போலவே இராது. அதனாலேயே பலர் அதை நம்புவதில்லை. முதல் சில மாதங்களில் குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடுகிறது. மூக்கடைத்தால் பால் உறிஞ்சும்போது மூச்சு விட முடியாமல் முலையை விட்டுவிட்டு அழும். பால் கொடுப்பதற்குச் சற்று முன் ஒவ்வொரு நாசியிலும் இரண்டு துளி விட்டு, இளகி வரும் சளியை மென்மையான துணியால் துடைத்துவிட்டால், அடுத்த கால் மணித்தியாலம் அது நிம்மதியாகக் குடிக்கும். ஒரேயடியாக வயிறு நிறையக் கொடுக்க முயலாமல், சிறிது சிறிதாக அடிக்கடி கொடுப்பது நல்லது. இந்த வழி நோயைக் குணப்படுத்தாது. வைரஸ் தன் பாட்டில் போகும் வரை குழந்தையைத் தாங்கிப் பிடிக்கும். சாதாரணத் தடிமனுக்குத் தேவையானது அவ்வளவே.

ஆனால் இருமுவதெல்லாம் தடிமன் அல்ல. ஆர்.எஸ்.வி. வைரஸ் பெரும்பாலும் உண்டாக்கும் மூச்சு நுண்குழாய் அழற்சி, சாதாரண மூக்கொழுகலாகத் தொடங்கி, மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் உச்சத்துக்கு வந்து, நெஞ்சில் இரைச்சலையும் வேகமான மூச்சையும் தரும். நாய் குரைப்பது போன்ற இருமலும் மூச்சை உள்ளிழுக்கும்போது கரகரப்பும் கேட்டால் அது குரல்வளைப் பகுதியின் வீக்கம். குக்கல் இருமல் பிடித்த சின்னக் குழந்தை இருமாமலேயே மூச்சு நின்று நீலம் பாரிக்கக்கூடும். 2, 4, 6ஆம் மாதங்களில் போடும், குக்கல் இருமல் உட்பட ஐந்து நோய்களுக்கு எதிரான ஐங்கூட்டுத் தடுப்பூசியைக் குறித்த நாளில் போட வேண்டிய காரணங்களுள் இதுவும் ஒன்று. நியூமோனியாவில் இருமலைவிட மூச்சின் வேகமே முக்கியமான தடயம்.

அந்த வேகத்தை வீட்டிலேயே எண்ணலாம். குழந்தை அழாமல் அமைதியாகவோ தூங்கிக்கொண்டோ இருக்கும்போது உடுப்பை மேலே தூக்கிவிட்டு, வெளிச்சத்தில் வயிறும் நெஞ்சும் எழுந்து தாழ்வதை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவது பிழைக்கும், ஏனெனில் சின்னக் குழந்தை சில விநாடி நிறுத்தி நிறுத்தி மூச்சு விடுவது இயல்பு. 2 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேலும், 2 முதல் 11 மாதம் வரையுள்ள குழந்தைக்கு 50 அல்லது அதற்கு மேலும் இருந்தால் அது வேக மூச்சு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். எண்ணும்போதே விலாவின் அடிப்பகுதியைப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது அது உள்ளே குழிந்தால், இனி வீட்டில் வைத்திருக்கும் கட்டம் அல்ல. முனகல், மூக்குத் துவாரம் விரிதல், வழக்கத்தில் பாதியளவு பாலும் குடியாமை, 12 மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை, எழுப்பினாலும் எழாத சோர்வு ஆகியவையும் அப்படியே. நீலம் பாரித்தலை உதட்டிலும் நாக்கிலும் பார்க்க வேண்டும். எங்கள் பிள்ளைகளின் தோல் நிறத்தில் கன்னத்தைப் பார்த்து முடிவு செய்ய இயலாது.

வைத்தியசாலைக்குப் போனவுடன் நெபுலைசரும் நுண்ணுயிர்க்கொல்லியும் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பையும் மாற்றிக்கொள்ள வேண்டும். மூச்சு நுண்குழாய் அழற்சியில் குழாயை அடைப்பது வீக்கமும் சளியும். நெபுலைசரில் கொடுக்கும் சல்பியூற்றமோல் மருந்து தளர்த்துவதோ குழாயைச் சுற்றியுள்ள தசையை. எனவே அதனால் பெரிதாகப் பயன் வருவதில்லை. வைரஸுக்கு நுண்ணுயிர்க்கொல்லி உதவாது. நியூமோனியா என்று வைத்தியர் கருதினால் அது அவசியம், அவர் சொன்ன நாட்கள் முழுவதும் கொடுத்து முடிக்க வேண்டும். வைத்தியசாலையால் மட்டும் தரக்கூடியவை ஒட்சிசன் அளவைப் பார்ப்பது, குறைந்தால் ஒட்சிசன் கொடுப்பது, குடிக்க முடியாத குழந்தைக்குக் குழாய் வழியாகப் பால் ஊட்டுவது. மருந்து ஒன்றும் எழுதாமல் குழந்தையை நன்றாகப் பரிசோதித்து அனுப்பும் வைத்தியர் கவனமில்லாதவர் அல்லர்.

எப்போது புறப்படுவது என்பது வீடு இருக்கும் இடத்தையும் பொறுத்தது. மட்டக்களப்பு நகரிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ இருப்பவர் காலை வரை பார்க்கலாம் என்று எண்ணும் அதே நிலையில், வெல்லாவெளிப் பக்கத்திலோ வவுணதீவின் உட்கிராமத்திலோ இருப்பவர் மாலையிலேயே கிளம்புவது நல்லது; கார்த்திகை, மார்கழி மழையில் வீதிக்கு மேல் வெள்ளம் ஓடும் நாட்களில் இன்னும் முந்தியே. குறைமாதத்தில் பிறந்த குழந்தையையும், இதயக் கோளாறு உள்ள குழந்தையையும், 3 மாதம் நிறையாத குழந்தையையும் நோயின் இரண்டாம் நாளிலேயே ஒருமுறை காட்டிவிட வேண்டும். விலா குழிந்தாலோ உதடு நீலமானாலோ முச்சக்கரவண்டி தேடி அலையாமல் 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவை இலவசம். கிளினிக் புத்தகத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள், எடையும் தடுப்பூசி விபரமும் அதில்தான் இருக்கின்றன. வழியில் குழந்தையை இறுக்கிச் சுற்றாமல், தலை முன்னே மடியாதவாறு நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்திருங்கள்.