உடல் அச்சு எடுக்க பாமசி பண்டேஜ் போதுமா?

பாமசியில் வாங்கும், எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் பிளாஸ்டர் பண்டேஜ்தான் உடம்பில் அச்சு எடுக்கத் தோதான பொருள். புறக்கோட்டை ஹாட்வெயார் கடைகளில் மூட்டையைப் பிரித்து நிறுத்துத் தரும் பிளாஸ்டர் தூளை இதற்கு நம்ப முடியாது. கொழும்புக் காற்றின் ஈரத்தை அது குடித்துவிடும். பிறகு சில வேளை கலக்கும்போதே கட்டியாகும், சில வேளை காய்ந்தும் சுண்ணாம்பாக உதிரும். பண்டேஜ் சுருள் காற்றுப் புகாத உறையில் வருகிறது. வாங்கும்போது உறை கிழிந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பிரித்தானியச் சிற்பி அன்டனி கோர்ம்லி 1980களின் தொடக்கத்திலிருந்து செய்துவந்ததும் ஏறக்குறைய இதுதான். உடம்பை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சுற்றிக்கொண்டு அசையாமல் நிற்பார். பிளாஸ்டரில் நனைத்த துணியை மனைவி விக்கன் பார்சன்ஸ் அவர்மேல் ஒட்டுவார். அந்தக் கூட்டின்மேல் ஈயத்தகட்டைத் தட்டிப் பொருத்தி உருவங்கள் செய்தார். வார்ப்பிரும்பு பிறகு வந்தது. இங்கிலாந்தின் குரொஸ்பி கடற்கரையில் நிற்கும் 100 உருவங்களும் அவருடைய உடம்பின் அச்சுகளே. 1971 முதல் 1974 வரை இந்தியாவிலும் இலங்கையிலும் பௌத்தம் பயின்று, தியானத்தில் பழகியவருக்கு அசையாமல் நிற்பது பெரிய பாடாக இருந்திராது. நம்மவர்களுக்கு ஒரு கை, அல்லது மார்பு, அதற்குமேல் வேண்டாம்.

15 சென்ரிமீற்றர் அகலம், 2.7 மீற்றர் நீளமுள்ள சுருள் என்றால் மார்பின் முன்பக்கத்துக்கு நான்கு தேவை. முதலில் எல்லாவற்றையும் சாண் நீளத் துண்டுகளாக வெட்டி வையுங்கள், ஈரக்கையால் சுருளைத் தொட்டால் மிச்சமும் வீண். தோலிலும், முக்கியமாக மயிரிலும், வஸ்லினைத் தாராளமாகப் பூசுங்கள். துண்டை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, லேசாக வழித்து, நெய்த ஓட்டைகள் மறையும்வரை விரலால் தேயுங்கள். இந்தத் தேய்ப்பில் சோம்பல்பட்டால் அடுக்குகள் பிறகு ஏடு ஏடாகப் பிரியும். நான்கு அடுக்கு போதும், ஓரத்துக்கு இன்னும் இரண்டு. முதுகுப்பக்கமும் வேண்டுமென்றால் முன்பாதி இறுகியபின் அதன் ஓரத்தில் வஸ்லின் பூசித் தொடருங்கள். பூசாவிட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

குறை ஒன்று உண்டு: தோல்ரேகை, நகக்கண் போன்ற நுணுக்கம் பதியாது. கோர்ம்லியின் உருவங்களிலும் அது இல்லை, அவர் தேடியது உடம்பு அடைத்துக்கொள்ளும் இடத்தை. ரேகை வேண்டியவர்கள் பல்வைத்தியர்கள் பயன்படுத்தும் அல்ஜினேற்றை வாங்கட்டும்.

பிளாஸ்டர் இறுகும்போது சுடும். மெல்லிய பண்டேஜில் இதமான சூடுதான், ஆனால் தடித்த கலவைக்குள் கையை விடவே கூடாது: 2007இல் இங்கிலாந்தில் ஒரு பள்ளி மாணவி அப்படி விட்டு விரல்களை இழந்தார். முகத்தில் போடுவதும் தனியாகச் செய்யும் வேலையல்ல.

நனைத்த தண்ணீரை சிங்கில் ஊற்றாதீர்கள். வாளியில் ஓரிரவு வைத்தால் பிளாஸ்டர் அடியில் படியும், மேல்நீரை இறுத்துவிட்டுக் கட்டியைக் குப்பையில் போடலாம்.