ஹாவர்த் பிரான்டே அருங்காட்சியகம்: பிரான்வெல்லின் அறை

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், ஹாவர்த் ஊரில், மூச்சு வாங்க வைக்கும் கல்பாவிய கடைத்தெருவின் உச்சியில், கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தபடி நிற்கும் பாதிரியார் வீடுதான் 1928 முதல் பிரான்டே அருங்காட்சியகமாக இருந்து வருகிறது. அந்த வீட்டில் வாழ்ந்த, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர்களான சார்லட், எமிலி, ஆன் பிரான்டே என்ற மூன்று சகோதரிகளுக்காகத்தான் எல்லோரும் அங்கே போகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். திரும்பும்போது மனத்தில் தங்கிவிட்டவரோ, சார்லட்டுக்குத் தம்பியும் மற்ற இருவருக்கும் அண்ணனுமான பிரான்வெல்.

கீழே சாப்பாட்டு அறையில், மூவரும் சுற்றி நடந்தபடி தங்கள் கதைகளைப் பேசித் தீர்த்த மேசையைக் காணலாம். வீடு முழுவதும் அப்போதுதான் துடைத்து வைத்ததைப் போலிருக்க, மாடியில் பிரான்வெல்லுக்கென அமைத்திருக்கும் அறை மட்டும் கலைந்த படுக்கையும் சிதறிய தாள்களுமாகக் கிடக்கிறது. அதை ஒழுங்குபடுத்தாமல் விட்டதே இந்த அருங்காட்சியகம் அவருக்குச் செய்திருக்கும் மரியாதை என்பேன்.

உண்மையில் அந்த வீட்டில் எழுத்து அவரிடமிருந்துதான் தொடங்கியது எனலாம். 1826இல் தந்தை லீட்ஸ் நகரிலிருந்து வாங்கிவந்த பன்னிரண்டு மரச் சிப்பாய்கள் பிரான்வெல்லுக்கானவை. அவற்றை வைத்துத்தான் நால்வரும் கற்பனை நாடுகளைக் கட்டினார்கள். 1829இல் அவர் தொடங்கிய கையெழுத்துப் பத்திரிகையைச் சில மாதங்களில் சார்லட் ஏற்று நடத்தினார். சிப்பாய்கள் படிக்கும் அளவுக்கென்று குழந்தைகள் தைத்த அந்தக் குட்டி நூல்களின் முன், எறும்பு வரிசை போன்ற எழுத்தைப் படிக்க முயன்று, இடுப்பு வலிக்கும்வரை குனிந்து நின்றேன். கவிதைகளை முதலில் அச்சில் கண்டவரும் அவர்தான்: 1841இலேயே ஹாலிஃபாக்ஸ் நகரத்து வாரச் செய்தித்தாளில் புனைபெயரில் வெளிவந்தன.

பிறகு எல்லாம் சரிவுதான். ரயில் நிலைய எழுத்தராக இருந்தபோது கணக்கில் பதினொரு பவுண்டு சொச்சம் குறைந்ததால் 1842இல் வேலை போயிற்று; 1845இல் வீட்டு ஆசிரியர் வேலையும் போயிற்று; மதுவும் அபினும் கடனும் மிஞ்சின. 1848 செப்டம்பர் 24 அன்று, 31 வயதில் இறந்தார். தன் சகோதரிகள் ஒரு வரியாவது அச்சிட்டார்கள் என்பதை அவர் கடைசிவரை அறியவில்லை என்று சார்லட் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். இதைப் படித்திருந்தேன், ஆனால் சாப்பாட்டு மேசைக்கும் அந்தப் படுக்கைக்கும் நடுவே இருப்பது ஒரு மாடிப்படிதான் என்பதை நடந்து பார்த்தபோதுதான் திக்கென்றது.

இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். பக்கத்து நகரமான கீத்லியிலிருந்து நீராவி ரயிலில் வருவது சுகம். அந்தப் பாதை 1867இல் திறக்கப்பட்டபோது குடும்பத்தில் ஒருவரும் உயிரோடில்லை.

கடைத்தெருவில் ஒரு கடையில் பிரான்வெல் படம் போட்ட அஞ்சலட்டை கேட்டேன். கடைக்கார அம்மாள் அடுக்கை இருமுறை சுழற்றிவிட்டு, சகோதரிகளின் படம் மட்டும்தான் இருக்கிறது என்று ஒன்றை நீட்டினார். லண்டன் தேசிய உருவப்பட அரங்கில் இருக்கும், பிரான்வெல்லே 1834 வாக்கில் வரைந்த ஓவியம் அது. அதிலிருந்து தன்னை அழித்து, அந்த இடத்தில் ஒரு தூணைத் தீட்டியிருந்தார். காலப்போக்கில் மேற்பூச்சு மங்கிவிட்டதால், அட்டையைச் சன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தபோது தூணுக்குள் ஓர் ஆண் உருவம் புகைபோல் தெரிந்தது. அதையே வாங்கிக்கொண்டேன்.