மழைத்துளி எடுக்க ரேநாக்ஸ் டிசிஆர்-250 வாங்கலாமா?

தனியா மேக்ரோ லென்ஸ் வாங்க இப்ப காசு இல்ல, ஆனா ஐப்பசி மழைல மாடித்தோட்டத்துத் துளியெல்லாம் கிட்டப் போய் எடுக்கணும்னு ஆசைன்னா ரேநாக்ஸ் டிசிஆர்-250 தாராளமா வாங்குங்க. கிட்ட இருக்கறதைப் பெருசாக் காட்டுற குட்டிக் கண்ணாடிதான், லென்ஸ் மூடி மாட்டுற மாதிரியே ரெண்டு பக்கமும் அழுத்தி இருக்கற லென்ஸ் முன்னாடி கிளிப் பண்ணிடலாம், பவர் +8 டயாப்டர் (மூக்குக் கண்ணாடி பவர் சொல்ற அதே கணக்கு). நான் 55-250 எம்எம் ஜூம் லென்ஸ்ல போட்டு யூஸ் பண்றேன்.

லென்ஸ் ஃபோகஸை இன்ஃபினிட்டில, அதாவது ரொம்ப தூரத்துக்கு வச்சா சரியா 12.5 செமீ தள்ளி இருக்கறது ஃபோகஸ் ஆகும், ஜூம் 125ல இருந்தா சென்சார்ல விழற பிம்பம் பொருளோட நிஜ அளவு, 250க்குப் போனா அதுல ரெண்டு மடங்கு. கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவுல மாட்டுற எக்ஸ்டென்ஷன் ட்யூப் போட்டா வெளிச்சம் குறையும், இதுல அது இல்ல, வானம் மூடிக் கிடக்கற நாள்ல இது எவ்ளோ பெரிய விஷயம்னு எடுத்துப் பாத்தாதான் தெரியும்.

ஆனா ஷார்ப்பா வர்ற ஆழம் ரொம்ப ரொம்ப கம்மி. ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃப்ரேமை விட சின்ன சென்சார்) கேமரால 125 எம்எம், அபர்ச்சர் (லென்ஸ் துவாரம்) எஃப் 8 வச்சா ஷார்ப்பா வர்றது சுமார் 0.3 மிமீதான், 250ல 0.1 கூட வராது. அதனால ஆட்டோஃபோகஸை ஆஃப் பண்ணிட்டு உடம்பை மெல்ல முன்னபின்ன சாய்ச்சுக்கிட்டே பர்ஸ்ட்ல (தொடர்ந்து படபடன்னு) எடுங்க, காத்து அடிச்சா நிக்கிற வரைக்கும் காத்திருக்கத்தான் வேணும்.

இப்ப முக்கியமான விஷயம். துளியே ஒரு லென்ஸ், பின்னாடி இருக்கற செம்பருத்தி அதுக்குள்ள தலைகீழா தெரியும். நிறைய பேர் துளியோட விளிம்புல ஃபோகஸ் வச்சுட்டு உள்ள பூ மங்கலா இருக்கேன்னு கேக்குறாங்க. உருண்டையான துளின்னா பின்னாடி தூரத்துல இருக்கறதோட பிம்பம், மையத்துலேந்து கிட்டத்தட்ட துளியோட விட்டம் அளவுக்கு கேமரா பக்கமா தள்ளி விழுது, பூ பக்கத்துல இருந்தா இன்னும் தள்ளி. 4 மிமீ துளின்னா விளிம்புக்கும் பூவுக்கும் நடுவுல 4 மிமீக்கு மேல, நம்ம கிட்ட இருக்கற 0.3ல ரெண்டும் ஒரே படத்துல கிடைக்கவே கிடைக்காது. ஏதாவது ஒண்ணைத்தான் எடுக்கணும், நான் எப்பவும் பூவைத்தான் எடுப்பேன், விளிம்பு கரைஞ்சு போய் நடுவுல செம்பருத்தி மட்டும் தெளிவா நிக்கறது அவ்ளோ அழகு!

உருண்டைத் துளி வேணும்னா சேப்பங்கிழங்கு இலைக்குப் போங்க, மேல மெழுகு மாதிரி நுண்ணிய மேடுபள்ளம் இருக்கறதால தண்ணி ஒட்டாம முத்தா நிக்கும், தாமரை இலையும் அப்படித்தான். அருகம்புல் நுனில விடிகாலைல நிக்குற துளியும் அருமையா வரும், அதுல பல துளி பனியே இல்ல, வேர் உறிஞ்சுன தண்ணியை புல்லே நுனி வழியா வெளிய தள்றது.

குறைன்னா, 12.5 செமீ ரொம்ப கிட்ட. கேமராவோட நிழலே இலை மேல விழும், லேசா இடிச்சாலும் துளி போச்சு. ஜூம் 55 பக்கம் வந்தா ஓரம் இருட்டாகும். மழைல நனைய விடாதீங்க, மழை விட்ட உடனே போங்க, துளியெல்லாம் அங்கதான் இருக்கும். ஏசி ரூம்லேந்து நேரா வெளிய கொண்டுபோனா கண்ணாடில ஆவி படியும், பைக்குள்ளயே கொஞ்ச நேரம் வச்சு எடுங்க.

பூ, பெரணி, இலை நரம்புதான் எடுக்கப் போறீங்கன்னா 250 வேணாம், டிசிஆர்-150 வாங்குங்க. அது +4.8, சுமார் 20 செமீ தள்ளி நின்னு எடுக்கலாம், பழகவும் ஈஸி. துளிக்குள்ள போகணும்னாதான் 250.

ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி லென்ஸ் முன்னாடி போட்டிருக்கற ஃபில்டர் சைஸ் பாத்துக்கோங்க, கூட வர்ற கிளிப் 52லேந்து 67 எம்எம் வரைக்கும்தான் பிடிக்கும். 72, 77ன்னா ஸ்டெப் டவுன் ரிங் (சைஸைக் குறைக்கற வளையம்) தனியா வாங்கணும், அதுக்குத் தெரிஞ்சுக்க ரேநாக்ஸ் பின்னாடி திரெட் 43 எம்எம்.