நிபுணருக்காகக் காத்திருக்கும் காலத்தில்: உலக சுகாதார நிறுவனத்தின் பராமரிப்பாளர் பயிற்சி

பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்கலாம் என்ற ஐயம் பெற்றோர் மனத்தில் எழுந்த நாளுக்கும், மருத்துவர் அதை உறுதிசெய்து பேச்சுப் பயிற்சியோ, அன்றாடச் செயல்களைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியோ முறையாகத் தொடங்கும் நாளுக்கும் இடையில் பல மாதங்கள் கழிந்துவிடுகின்றன. சில குடும்பங்களுக்கு ஆண்டுக்கணக்கில் கழிகின்றன. அந்த இடைவெளியில் வீட்டில் என்ன செய்யலாம் என்பதை யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள பராமரிப்பாளர் திறன் பயிற்சி இந்தக் குறையைத்தான் முதன்மையாகக் கருத்தில் கொண்டிருக்கிறது. ஆட்டிசம் உள்ள மகனை வளர்க்கும் ஒருவர் என்ற முறையில் அதன் பயனையும் எல்லையையும் இங்கே எழுதுகிறேன்.

வளர்ச்சித் தாமதமோ குறைபாடோ உள்ள, 2 முதல் 9 வயது வரையிலான பிள்ளைகளின் குடும்பங்களுக்கானது இந்தப் பயிற்சி. 9 குழு அமர்வுகளும், பயிற்றுநர் வீட்டுக்கு வந்து பார்க்கும் 3 சந்திப்புகளும் இதில் அடங்கும். சேர்வதற்கு மருத்துவர் தந்த நோய்க்குறிச் சான்று தேவையில்லை என்பதே, என் பார்வையில், இதன் முதல் சிறப்பு. நடத்துபவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. பயிற்சியும் மேற்பார்வையும் பெற்ற செவிலியரோ, சமூக நலப் பணியாளரோ, இதே அனுபவத்தைக் கடந்து வந்த இன்னொரு பெற்றோரோ நடத்தலாம். நிபுணர்கள் குறைவாக இருக்கும் இடங்களை நினைத்துச் செய்த ஏற்பாடு அது. முழுமையான பயிற்சிக் கையேடுகள் 2022-ல் வெளியிடப்பட்டன. பெற்றோர் தாமாகவே கற்கும் இணையவழி வடிவமும் உண்டு.

பயிற்சியின் உயிர்நாடி விளையாட்டைப் பற்றிய பகுதிகளில் இருக்கிறது. பொம்மைக் கார்களை ஓட்டாமல் வரிசையாக அடுக்கிக்கொண்டே இருக்கும் பிள்ளையிடம், "இப்படி இல்லை, இப்படி ஓட்டு" என்று திருத்துவதுதான் பெரும்பாலான பெரியவர்களின் முதல் செயல். இங்கே அதற்கு நேர்மாறாகச் சொல்லித் தருகிறார்கள். பிள்ளையின் முகம் தெரியும்படி, அதே உயரத்தில் எதிரே உட்கார்ந்து, அது செய்வதையே நாமும் செய்து, அடுத்த காரை எடுத்துக் கொடுத்து, அந்த விளையாட்டுக்குள் இடம் கேட்டு நுழைய வேண்டும். சக்கரங்களைச் சுழற்றிப் பார்ப்பதில் மூழ்கியிருந்த என் மகன், நானும் பக்கத்தில் உட்கார்ந்து சுழற்றத் தொடங்கிய பிறகு, தன் வண்டியை என் பக்கம் நகர்த்தி வைத்து என் கையைப் பார்த்தான். அதுவரை அவனுடைய விளையாட்டைக் கலைப்பவராக மட்டுமே நான் இருந்தேன். ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான புரிதல் குறைபாடு ஒருதரப்பானது அன்று, இருதரப்பிலும் உள்ளது என்று, தாமே ஆட்டிசம் உள்ள சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012-ல் எழுதினார். அந்தக் கருத்து வீட்டுத் தரையில் எப்படி நடைமுறையாகும் என்பதை நான் கண்டது இந்தப் பயிற்சியில்தான்.

குளியல், உடை மாற்றுதல், பல் துலக்குதல், பொருள்களை எடுத்து வைத்தல் ஆகிய அன்றாட வேலைகளையும் இதே கண்ணோடு அணுகச் சொல்கிறார்கள். சட்டை அணிவதைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, எந்தப் படியில் கை கொடுக்க வேண்டும், எந்தப் படியில் சற்றுப் பொறுத்திருந்தால் பிள்ளை தானே செய்துவிடும் என்று கவனிப்பது எளிதாகத் தோன்றும். அவசரமான காலைப் பொழுதில் அதைப்போல் கடினமானது வேறில்லை. ஆனாலும் வாரத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் தெரபி அறையில் கற்பது, மீதி நேரம் முழுவதும் வீட்டில் தொடர்ந்தால்தான் நிலைக்கும். பெற்றோர் வழியாக உதவுவது பயன் தரும் என்பதற்குத் தனிச் சான்றும் உண்டு. பிரிட்டனில் 152 இளம் பிள்ளைகளுடன் நடந்த பேக்ட் ஆய்வில், பெற்றோர் தாம் பிள்ளையோடு விளையாடும் காணொளியைப் பயிற்றுநருடன் பார்த்துக் கற்றார்கள். பயிற்சி முடிந்து சுமார் 6 ஆண்டுகள் கழித்தும் அதன் பலன் தெரிந்ததாக 2016-ல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது. அது வேறொரு திட்டம் என்றாலும் அடிப்படை ஒன்றுதான்.

தகவல் பரிமாற்றம் பற்றிய அமர்வுகள் பேச்சை மட்டுமே மொழியாகக் கொள்வதில்லை. கையைப் பிடித்து இழுப்பது, பொருளை நீட்டுவது, கண்ணால் காட்டுவது என எல்லாவற்றையும் பிள்ளை சொல்லும் செய்தியாக ஏற்று, உடனே பதில் தரப் பழக்குகிறார்கள். ஆனால் பேச்சு வராமலே வளரும் பிள்ளைகளுக்கு இந்த அளவு போதாது. ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் ஆகிய இருவரும் 1985-ல் உருவாக்கிய, வேண்டியதன் படத்தை எடுத்துக் கொடுத்துக் கேட்கும் படப் பரிமாற்ற முறையோ, தொட்டால் குரல் எழுப்பும் டேப்லெட் செயலியோ தேவைப்படும்போது, அதைத் தேர்ந்து பழக்கப் பேச்சுப் பயிற்சியாளர் வேண்டும். படத்தைக் காட்டிப் பழகினால் பேச்சே வராமல் போய்விடுமோ என்ற அச்சத்தில் பெற்றோர் ஆண்டுகளை இழப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த அச்சத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை என்பதை நடத்துபவர்கள் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

கடினமான நடத்தைகளைக் கையாளும் பகுதி, அடம் என்று முத்திரை குத்துவதற்கு முன் காரணத்தைத் தேடச் சொல்கிறது: அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, பிள்ளைக்கு எதைப் பெற வேண்டியிருந்தது, எதிலிருந்து விலக வேண்டியிருந்தது? நல்ல கேள்விகள்தான். இவற்றோடு நான் இரண்டைச் சேர்ப்பேன். சொல்லத் தெரியாத பிள்ளை திடீரென்று தலையில் அடித்துக்கொண்டால், பல்வலி, காதுவலி, வயிற்று உபாதை ஆகியவை இல்லை என்று மருத்துவரிடம் உறுதி செய்த பிறகே நடத்தையைப் பற்றிப் பேச வேண்டும். அடுத்தது, ஓசையும் வெளிச்சமும் கூட்டமும் தாங்காமல் பிள்ளை நிலைகுலையும் நேரம் எதையும் கற்பிக்கும் நேரம் அன்று. அப்போது தேவைப்படுவது அமைதியான இடமும், பேசாமல் அருகிலிருக்கும் ஒரு மனிதரும் மட்டுமே.

பராமரிப்பவரின் மனநலத்தையும் பாடத்தில் சேர்த்திருப்பதை மனமார வரவேற்கிறேன். பிள்ளையைப் பற்றி மணிக்கணக்கில் கேட்கும் பல இடங்களில், நீங்கள் சரியாகத் தூங்குகிறீர்களா என்று தாயிடம் ஒருவரும் கேட்பதில்லை. இருந்தாலும் மனத்தை அமைதிப்படுத்தும் சிறு பயிற்சிகள் களைப்பைத் தீர்த்துவிடா. வாரத்தில் சில மணி நேரமாவது நம்பகமான ஒருவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் மாற்றுப் பராமரிப்புச் சேவை இதோடு இணையாவிட்டால், ஏற்கெனவே முழுச் சுமையையும் தாங்கும் தாயின் தலையில் தெரபிஸ்ட் வேலையும் ஏறிவிடும். தந்தையோ தாத்தா பாட்டியோ சேர்ந்து வர ஏதுவான நேரத்தில் அமர்வுகளை வைக்காத மையம், பயிற்சியின் பாதிப் பலனை இழக்கிறது என்றே சொல்வேன்.

குணப்படுத்துவோம் என்ற வாக்குறுதி இதில் எங்கும் இல்லை. அதை நான் பெரிய நற்பண்பாகக் கருதுகிறேன். உடலிலிருந்து உலோகங்களை நீக்கி ஆட்டிசத்தைப் போக்குவதாகச் சொன்ன செலேஷன் சிகிச்சையின்போது 2005-ல் அமெரிக்காவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். அதன் பிறகும் அத்தகைய விளம்பரங்கள் ஓய்ந்தபாடில்லை. பிள்ளையின் நலனுக்காக எதையும் செய்யத் துணிந்திருக்கும் பெற்றோருக்கு, ஆபத்தில்லாத, வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு வேலை கையில் இருப்பது மிக முக்கியம்.

ஒன்பது வயதோடு இந்தப் பயிற்சி நின்றுவிடுவது பெரிய வெற்றிடம். பருவமடையும் வயது, பள்ளியில் நேரும் கேலி, வேலை, தனித்து வாழ்தல், பெற்றோருக்குப் பின் யார் என்ற கேள்வி ஆகியவை அதன் பிறகே தொடங்குகின்றன. பதின்வயதினரின் குடும்பங்கள் இதில் விடை தேட வேண்டாம்; வேலைப் பயிற்சியும் வாழிட உதவியும் தரும் வேறு அமைப்புகளை நாடுவது அவர்களுக்கு ஏற்றது. சிறு வயதுப் பிள்ளையின் பெற்றோர் எனில், தயங்காமல் சேரலாம். சேருமுன் மையத்தில் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: வீட்டுச் சந்திப்புகள் மூன்றும் உண்மையில் நடக்குமா, பயிற்றுநரை மேற்பார்வையிடும் நிபுணர் யார்? இணையவழி வடிவம் மட்டுமே கிடைக்கிறதென்றால், தனியாகப் பார்க்காமல், வீட்டில் பிள்ளையோடு அதிக நேரம் இருக்கும் இன்னொருவரையும் அருகில் அமர்த்திக்கொண்டு, ஒரு பாடத்தைச் சில நாட்கள் செய்து பார்த்த பிறகே அடுத்ததற்குச் செல்லுங்கள்.